பட்டன் கத்தி: ஒரே உருளைக்கு இரண்டு வேலை

பட்டன் கத்தியின் அலகைக் கழற்றி அடிப்பகுதியைப் பார்த்தால், அச்சுத் துளைக்குப் பக்கத்தில் பிறை வடிவில் இரண்டு காடிகள் தெரியும். ஒன்று கத்தி மடங்கியிருக்கும்போது பிடித்துக்கொள்ள. மற்றது விரிந்து நிற்கும்போது பூட்டிக்கொள்ள. இரண்டிலும் வந்து உட்காருவது ஒரே எஃகு உருளைதான். நாம் விரலால் அழுத்தும் பட்டன் அந்த உருளையின் தலை. உருளையின் கழுத்தில் ஒரு பகுதி ஒடுக்கிக் கடையப்பட்டிருக்கும். பட்டனை அழுத்தினால் அந்த ஒடுங்கிய கழுத்து அலகுக்கு நேராக வரும், காடி விடுபடும், அச்சைச் சுற்றி முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் அலகை வெளியே வீசும். விரலை எடுத்ததும் உருளைக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் அதை மேலே தள்ள, தடித்த பகுதி இரண்டாவது காடியில் விழும்.

பக்கவாட்டில் திறக்கும் பட்டன் கத்திகளில் பெரும்பாலானவை இந்த அமைப்புதான். ஐந்தாறு பாகங்களில் வேலை முடிந்துவிடுகிறது. அழகான எளிமை. ஆனால் இந்த வகைக் கத்தியின் குறைகளில் பாதிக்குமேல் வருவதும் இதே இடத்திலிருந்துதான்.

சாதாரண மடக்குக் கத்தி மூடிக் கிடப்பது அதன் இளைப்பாறும் நிலை. பழைய பேனாக்கத்தியில் முதுகு ஸ்பிரிங் அலகை உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். லைனர் லாக் கத்தியில் (பிடிக்குள் இருக்கும் ஒரு தகடே பூட்டாக வேலை செய்யும் வகை) ஒரு சின்ன உருண்டை அலகில் இருக்கும் குழியில் விழுந்து உட்கார்ந்திருக்கும். பாக்கெட்டில் எப்படிக் குலுங்கினாலும் அலகு உள்ளே போகவே பார்க்கும். பட்டன் கத்தி நேர் எதிர். மூடியிருக்கும்போதுதான் அதன் ஸ்பிரிங் உச்ச முறுக்கில் இருக்கிறது. நாள் முழுக்க வெளியே பாயத் துடிக்கும் அலகை ஒரு காடியின் விளிம்பு மட்டும் தடுத்து நிற்கிறது.

அமெரிக்கச் சட்டம் இந்த வேறுபாட்டை மிகத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. மாநிலங்களுக்கிடையே இந்தக் கத்திகளை விற்பதையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதையும் கட்டுப்படுத்தும் ஸ்விட்ச்பிளேடு சட்டம் 1958-ல் வந்தது. 2009-ல் அதைத் திருத்தி, தொடக்கத்தில் கொஞ்சம் கையால் தள்ளினால் மீதியை ஸ்பிரிங் முடித்துவைக்கும் கத்திகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். விலக்குக்கு வைத்த அளவுகோல்: அலகை மூடும் பக்கம் இழுத்து வைக்கும் ஏதோ ஒரு அமைப்பு இருக்க வேண்டும், அந்த இழுப்பைக் கை வென்றால்தான் கத்தி திறக்க வேண்டும். ஸ்பிரிங் இருக்கிறதா என்று அந்தத் திருத்தம் கேட்கவில்லை. கத்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டது. வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

பாக்கெட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உட்காரும்போது சாவிக்கொத்தோ ஃபோனின் விளிம்போ பட்டனை அழுத்துகிறது. அலகு முழுசாக விரிய இடம் இல்லை. சற்றே கிளம்பித் துணியில் முட்டி நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே அலகின் கூர், பிடியின் பள்ளத்தைவிட்டு வெளியே வந்திருக்கும். முனை மேல்நோக்கி இருக்கும்படி கிளிப் மாட்டியிருந்தால், அடுத்துக் கையை விடும்போது விரல் நேரே அந்தக் கூரில்தான் போய்ப் படும். அதனால் இப்படி மாட்டுகிறவர்கள் கத்தியைப் பாக்கெட்டின் பின்மூலையில், அலகு வெளியேறும் பக்கம் தையலை ஒட்டியிருக்குமாறு செருக வேண்டும். தையல் ஒரு சுவர்போல நின்று அலகைக் கிளம்ப விடாது. சாவி, சில்லறை எதையும் அதே பாக்கெட்டில் போடக் கூடாது.

இதற்கு மருந்தாக வந்ததுதான் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் சேஃப்டி தள்ளுகட்டை. தள்ளினால் பட்டன் இறங்காது. நல்ல யோசனைதான், ஆனால் ஒரு விரல் வேலையை இரண்டு விரல் வேலையாக்கிவிடுகிறது. ஒரு நொடியில் திறக்கும் என்பதற்காகக் காசு கொடுத்தவர், முதலில் சேஃப்டியைத் தள்ளி, பிறகு பட்டனை அழுத்த வேண்டும். அவசரத்தில் சேஃப்டியை மறந்து பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பது சகஜம். சேஃப்டியே வைக்காமல், பட்டனைப் பிடியின் மட்டத்துக்குக் கீழே பதித்துவைக்கும் வடிவமைப்பும் உண்டு. என் கணிப்பில் அன்றாடப் புழக்கத்துக்கு அதுவே மேல். பட்டனைச் சுற்றி ஒரு கிண்ணம்போல் குழிவு இருந்தால், விரலின் சதை மட்டும் உள்ளே இறங்கும், சாவியின் தட்டையான பக்கம் இறங்காது. ஆனால் குழிவு போதுமா என்பதைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். படத்தில் தெரியாது.

பட்டனின் எடையும் ஒரு விஷயம். கத்தி தட்டையாகக் கீழே விழுந்தால், பிடி தரையில் பட்டு நின்றுவிடும், பட்டன் மட்டும் தன் வேகத்தில் இன்னும் உள்ளே போகப் பார்க்கும். அடியில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் நோஞ்சானாக இருந்தால் அந்த ஒரு கணம் போதும், கத்தி திறந்துகொள்ளும். விலை மலிவான கத்திகளில் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். சேஃப்டியை விடுவித்து, மூடிய கத்தியைத் தடித்த துணிப்பையில் போட்டுக் கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து மடித்த போர்வைமேல், பட்டன் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் சில முறை போடுங்கள். ஒரு முறை திறந்தாலும் அது பாக்கெட்டுக்கு ஆகாது.

வெட்டும்போது வேறொரு சங்கடம். பட்டன் அச்சுக்கு அருகில்தான் இருந்தாக வேண்டும், ஏனென்றால் காடி அங்கேதான் இருக்கிறது. அதே இடத்தில்தான் அழுத்தி வெட்டும்போது கட்டைவிரலோ ஆள்காட்டி விரலின் கணுவோ வந்து உட்கார்கிறது. இறுக்கிப் பிடித்தால் பட்டன் இறங்கும், பூட்டு விடும். நல்ல வேளையாக ஸ்பிரிங் அலகைத் திறந்த நிலையிலேயே வைத்திருக்கப் பார்க்கும் என்பதால் உடனே விரல்மேல் மடங்காது. ஆனால் அலகு மரத்தில் சிக்கி, அதைப் பின்னோக்கி அசைத்து எடுக்கிற நேரமாக இருந்தால் மடங்கத்தான் செய்யும். கத்தி விரிந்திருக்கும்போதும் சேஃப்டி பட்டனைப் பூட்டும் மாதிரியாக இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு மேல் வெட்டும் வேலைக்கு அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

இனி அந்த ‘டக்’ சத்தம். அலகு 180 பாகை சுழன்று ஸ்டாப் பின்னில், அதாவது பிடிக்குள் இருக்கும் தடுப்புக் கம்பியில், மோதி நிற்கும் ஒலி அது. ஸ்பிரிங் கொடுத்த ஆற்றல் முழுவதும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னக் கம்பியில்தான் இறங்குகிறது. பல நூறு முறைக்குப் பிறகு, பின் மோதும் இடத்தில் அலகின் எஃகோ பின்னின் பக்கமோ மெல்ல நசுங்கித் தட்டையாகும். நசுங்கிய அளவுக்கு அலகு கூடுதலாகத் திறக்கும், உருளைக்கும் காடிக்கும் இடையில் மயிரிழை இடைவெளி விழும், அலகு மேலும் கீழும் ஆட்டம் கொடுக்கும். உருளையின் பக்கத்தை இலேசாகச் சரித்துக் கடைந்திருந்தால், தேயத் தேய அது இன்னும் கொஞ்சம் மேலேறி இடைவெளியை மூடிக்கொள்ளும். நேர் உருளையில் அந்த வாய்ப்பு இல்லை. பிடி அலுமினியமாக இருந்து, உருளை எஃகு வளையம் எதுவுமில்லாமல் அலுமினியத் துளையிலேயே ஏறி இறங்கினால் துளை முட்டை வடிவமாகிவிடும். அந்த ஆட்டத்துக்கு வைத்தியமே இல்லை, பிடியை மாற்ற வேண்டியதுதான். வாங்குமுன் துளைக்குள் எஃகு வளையம் இருக்கிறதா என்று கேட்பது அதனால்தான்.

பொழுதுபோகாமல் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம் கத்திக்கு நல்லதல்ல என்று சொல்வதற்கும் காரணம் இதுவே. ஸ்பிரிங் விஷயத்திலும் அப்படித்தான். மூடியே வைத்திருந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகப் பதப்படுத்திய ஸ்பிரிங், முறுக்கிய நிலையில் சும்மா இருப்பதால் பெரிதாக இழப்பதில்லை. திரும்பத் திரும்ப முறுக்கி விடுவதுதான் அதைக் களைப்படைய வைக்கிறது. உடைவதும் சுருளின் நடுவில் அல்ல. ஒரு கால் பிடியின் துளைக்குள்ளும் இன்னொரு கால் அலகின் துளைக்குள்ளும் வளைந்து இறங்குமே, அந்த வளைவில்தான் உடையும். கடலோர ஊர்களில் ஈரக்காற்று பட்டு அந்த இடத்தில் துருக்குழி விழுந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பும். ஸ்பிரிங் உடைந்தால் இன்னொன்றும் தெரியவரும்: பெரும்பாலான பட்டன் கத்திகளில் கட்டைவிரல் குமிழோ துளையோ கிடையாது. அலகைக் கையால் இழுத்துத் திறக்கப் பிடிமானமே இருக்காது. நகத்தைக் கொடுத்து இழுக்க ஒரு பள்ளமாவது வைத்திருக்கும் கத்தியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

அலகு முழுசாகத் திறக்காமல் பாதியில் நிற்பதுதான் அடிக்கடி வரும் புகார். வரிசையாகப் பாருங்கள். முதலில் விரல். கட்டைவிரல் பட்டனில் இருக்கும்போது மற்ற நான்கு விரல்களும் பிடியின் முதுகுப் பக்கம்தான் அணைத்திருக்க வேண்டும். நுனிகள் பள்ளத்தின்மேல் வழிந்தால் அலகு அவற்றில் உரசி வேகம் இழக்கும். விரலும் கிழியும். விரல் சரி என்றால் அடுத்தது அழுக்கு. பாக்கெட்டுப் பஞ்சும் பழைய எண்ணெயும் சேர்ந்து அச்சைச் சுற்றிக் களிம்பாகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலை அச்சிலும் பட்டன் இடுக்கிலும் விட்டு, முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பத்துமுறை திறந்து மூடி, நன்றாகக் காயவிட்டு, அச்சின் இரு பக்கமும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மலைப்பிரதேசக் குளிரில் உறைந்துபோகும். கெட்டி கிரீஸும் கூடாது.

இதற்கும் சரியாகவில்லை என்றால் அச்சு ஸ்க்ரூவைப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டத்தைப் போக்குகிறேன் என்று அதை இறுக்கிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். சாதாரண மடக்குக் கத்தியில் கொஞ்சம் இறுக்கம் இருந்தால் கட்டைவிரல் சமாளித்துக்கொள்ளும். இங்கே ஸ்பிரிங்கின் பலம் மாறாதது. திறப்பின் கடைசிக் கட்டத்தில் ஸ்பிரிங் முறுக்கு தளர்ந்துவிடும் என்பதால், உரசல் சற்றுக் கூடினாலும் அலகு பூட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பாக நின்றுவிடும். பார்வைக்குத் திறந்த மாதிரியே இருக்கும். அழுத்தினால் மடங்கும். அச்சு ஸ்க்ரூவை ஒரு சுற்றில் இருபதில் ஒரு பங்கு அளவு மட்டும் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் ஸ்க்ரூ தளராமல் பிடித்துக்கொள்ளும் பசையான த்ரெட்லாக்கர், நீல நிறத்தது, ஒரு துளி. சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டித்தான் கழற்ற முடியும்.

திறந்ததும் பட்டனைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பட்டன் முழு உயரத்துக்கு மேலெழுந்து நின்றால் பூட்டு விழுந்துவிட்டது. தாழ்ந்தே இருந்தால் உருளை காடிக்குள் போகவில்லை. எதையும் வெட்டத் தொடங்குமுன் கண்ணை ஓட்டிக்கொள்ள வேண்டிய ஒரே இடம் அது.

முழுசாகப் பிரிக்கத்தான் வேண்டுமென்றால், அலகைத் திறந்து வைத்துக்கொண்டு பிரியுங்கள். மூடிய நிலையில் அச்சைக் கழற்றினால் முறுக்கிய ஸ்பிரிங்கும் அலகும் சேர்ந்து கையில் பாயும். பட்டனுக்கு அடியிலிருக்கும் குட்டி ஸ்பிரிங்கும் துள்ளி எங்காவது போய்விழும். ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுப் பிரிப்பது நல்லது. பிரித்த கத்திக்கு உத்தரவாதம் கிடையாது என்று பல நிறுவனங்கள் சொல்லிவிடுகின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

மூடுவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு கையால் திறக்கும் இந்தக் கத்தியை ஒரு கையால் மூடுவது கஷ்டம். பட்டனை அழுத்தியபடியே, ஸ்பிரிங்கின் எதிர்ப்பை வென்று, அலகின் முதுகைத் தள்ள வேண்டும். கடைசிக் கால்வாசித் தூரத்தில் எதிர்ப்பு மிக அதிகம். அங்கே கை வழுக்கினால் அலகு திரும்பி வெளியே பாயும். முதுகை உள்ளங்கையாலோ தொடையில் வைத்தோ தள்ளி, ‘க்ளிக்’ என்று காடி விழும்வரை விடாமல் அழுத்துவதுதான் சரி. எண்ணெய்க் கையோடு செய்யக் கூடாது.

முன்புறம் வழியாக அலகு நேராக வெளிவரும் வகை தனி உலகம். மைக்ரோடெக்கின் அல்ட்ராடெக், பெஞ்ச்மேடின் இன்ஃபிடெல் இரண்டும் இதில் பெயர் பெற்றவை. இவற்றில் பட்டனுக்குப் பதில் ஒரு தள்ளுகட்டை: தள்ளினால் வெளியே, இழுத்தால் உள்ளே. இந்த இருவழி மாதிரியின் ஸ்பிரிங் மூடிய நிலையில் ஓய்வாகத்தான் இருக்கிறது என்பது இதன் பெரிய பலம். கட்டைவிரல் தள்ளும்போதுதான் ஸ்பிரிங் இழுபடுகிறது. தள்ளலின் முடிவில் கொக்கி விடுபட்டு அலகு பறக்கிறது. தள்ளுகட்டை ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கு விடையும் இதுதான்: அலகை வீசும் ஆற்றல் முழுவதும் உங்கள் கட்டைவிரல் தந்தது. ஸ்பிரிங் தொடக்கத்தில் ஒரு குறுகிய தூரம்தான் உந்துகிறது. மீதித் தூரத்தை அலகு தன் வேகத்தில் மிதந்து கடந்து, மறுமுனைக் கொக்கியில் விழ வேண்டும்.

அந்த மிதக்கும் தூரத்தில் எது குறுக்கிட்டாலும் அலகு நடுவழியில் நின்றுவிடும். தடித்த ஜீன்ஸ் துணியே போதும். விரலைக் கிழிக்கவும் அந்த வேகம் போதும். நின்ற அலகை எந்தக் கொக்கியும் பிடித்திருக்காது, தளர்ந்து ஆடும். பயந்துவிட வேண்டாம், கெட்டுப்போகவில்லை. அலகின் இரு தட்டைப் பக்கங்களையும் தடித்த துணியால் கிள்ளிப் பிடித்து, ‘க்ளிக்’ கேட்கும்வரை வெளியே இழுத்தால் மீண்டும் பூட்டிக்கொள்ளும். அலகு வழியில் உரசாமல் பறக்க வேண்டும் என்பதால் சுற்றிலும் இடைவெளி விட்டே ஆக வேண்டும். ஆகவே இந்த வகையில் சற்று ஆட்டம் எப்போதும் இருக்கும். விலை உயர்ந்ததிலும் இருக்கும். வாய் திறந்தே இருப்பதால் தூசியும் பஞ்சும் நேரே உள்ளே போகும். இதில் பலவும் இருபுறமும் கூர் கொண்ட ஈட்டி வடிவ அலகோடு வருவது இன்னொரு குறை. முதுகில் கட்டைவிரல் வைத்து அழுத்த முடியாது. இரண்டு பக்கமும் சரித்துத் தீட்ட வேண்டியிருப்பதால் கூருக்குப் பின்னால் அலகு சீக்கிரம் தடித்துவிடும். அட்டைப்பெட்டி அறுக்கும்போது ஆப்பு இறங்குவதுபோல் இழுக்கும். ஒருபுறம் மட்டும் கூர் வைத்த அலகு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வட இத்தாலியின் மனியாகோ ஊரில் செய்யும் ஒல்லியான ஸ்டிலெட்டோக்களில் சுருள் ஸ்பிரிங் இல்லை. பிடிக்குள் நீளமாக ஒரு தகட்டு ஸ்பிரிங் வளைந்து படுத்திருக்கும். பட்டன் ஒரு நெம்புகோலைத் தூக்க, அதன் நுனியில் இருக்கும் முள் அலகின் துளையிலிருந்து வெளியே வரும். பார்க்க மிக அழகு. ஆனால் ஒரு முள்ளும் ஒரு துளையும் சேர்ந்து தாங்கும் பூட்டு, குத்துவாட்டில் மட்டும் யோசித்துச் செய்த மெல்லிய அலகு. கயிறும் மரமும் வெட்ட அது படைக்கப்படவில்லை.

அப்படியானால் யாருக்குத்தான் இது பயன்படும்? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க பாராசூட் வீரர்களுக்கு எம்2 என்ற பட்டன் கத்தியைக் கொடுத்தார்கள். சட்டையின் கழுத்துக்குக் கீழே அதற்கென்றே ஒரு ஜிப் பாக்கெட். மரத்தில் சிக்கித் தொங்கும்போது ஒரு கை எங்கோ மாட்டியிருக்கும், மற்றக் கையால் எடுத்து, திறந்து, கயிறை அறுக்க வேண்டும். பின்னாளில் விமானப்படைக்கு வந்த ஆரஞ்சு நிற எம்சி-1 கத்தியில் பட்டன் அலகோடு கயிறறுக்கும் கொக்கி அலகும் சேர்ந்தது. ஜெர்மன் வீரர்களோ ஸ்பிரிங்கே இல்லாமல், நெம்புகோலை அழுத்திக் கவிழ்த்தால் அலகு தன் எடையில் வழுக்கி இறங்கும் கத்தியை வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் தேவை ஒன்றே: ஒரு கை மட்டுமே மிச்சம்.

சட்டங்களும் அதை ஒப்புக்கொள்கின்றன. அமெரிக்காவின் 1958 சட்டம் ஒரு கை மட்டும் உள்ளவர் 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள பட்டன் கத்தியை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஜெர்மனி 2024 அக்டோபரில் விதிகளை இறுக்கியபோதும், பக்கவாட்டில் திறக்கும் 8.5 செ.மீ.க்கு மேற்படாத அலகுக்கு, ஒரு கையால் மட்டுமே இயக்கக்கூடியவர் போன்றோரை விட்டுவைத்தது. கை நடுக்கமோ மூட்டுவாதமோ உள்ளவர்களுக்கும் இது உண்மையிலேயே உதவும். ஆனால் மூடும்போது அவர்களுக்கு மறுபடி சிரமம், தொடையில் வைத்துத் தள்ளும் முறைதான் கைகொடுக்கும்.

இரண்டு கையும் நன்றாக இருப்பவருக்கு ஸ்பிரிங் மிச்சப்படுத்தும் நேரம் மிகச் சொற்பம். ஸ்பைடெர்கோ நிறுவனம் 1981-ல் அலகில் ஒரு வட்டத் துளை போட்டு, கட்டைவிரலால் திறக்கும் வழியைப் பரவலாக்கியது. பின்னால் வந்த ஃபிளிப்பர் நாக்கும் (விரலால் தட்டித் திறக்க அலகின் அடியில் நீட்டியிருக்கும் பகுதி) அலகை இலகுவாகச் சுழலவிடும் பேரிங் அச்சும் சேர்ந்து, பட்டன் கத்தியின் வேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டன. அவை மூடும் பக்கம் சாய்கின்றன, உடைய ஸ்பிரிங் இல்லை, மாம்பழச் சாறு இறங்கினாலும் குழாயடியில் கழுவிவிடலாம். பட்டன் கத்தியில் மாம்பழம் நறுக்கினால் சர்க்கரைப் பாகு ஸ்பிரிங் குழியில் இறங்கி இரண்டே நாளில் அலகைச் சோம்பலாக்கும்.

இந்தியாவில் வைத்திருப்பவர்கள் சட்டத்தையும் அளவுகோலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் டெல்லி நிர்வாகம் 1980-ல் வெளியிட்ட அறிவிக்கை, ஸ்பிரிங்கிலோ பட்டனிலோ இயங்கும் கத்திகளுக்கு 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் என்று எல்லை வைத்தது. அலகு இவ்விரண்டையும் எட்டினால் அந்த அறிவிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வரும். இன்று விற்கும் பட்டன் கத்திகளில் சர்வசாதாரணமான 3.25 அங்குல அலகு 8.25 செ.மீ. வருகிறது. அகலமும் பெரும்பாலும் 2 செ.மீ.யைத் தாண்டும். டெல்லிக்கு ரயில் ஏறுகிறவர் பையில் போடுமுன் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.